பட்டியில் தொங்கும் உப்புக்கட்டியும் ஆவணி முதல் புது விலையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்ங்க.

ஆடி பதினெட்டை ஒட்டி நம்மிடம் மேச்சேரிச் செம்மறிக் கிடா வாங்கியவர்களில் பாதிப் பேருக்காவது, பரவிக்கொண்டிருக்கும் அந்தப் படம் வந்து சேர்ந்திருக்கும். நம் பட்டிப் படலில் செங்கல் நிறத்தில் ஒரு கட்டி தொங்குகிறது. அதன் கீழே, “உப்பை நக்க விட்டு, தண்ணி குடிக்க வைத்து எடை ஏற்றுகிறார்கள், 24 கிலோ கிடாயில் 11 கிலோ கூட கறி இல்லை” என்று எழுதியிருக்கிறது. இந்த மடலை எழுத உட்கார்ந்தது விலை ஏறுவதைச் சொல்லத்தான். ஆனால் விலையைவிட அந்தப் படம்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. முதலில் விலையைச் சொல்லிவிடுகிறோம்.

ஆவணி ஒன்று முதல் உயிர் எடை கிலோ 430 ரூபாயிலிருந்து 470 ஆகிறது. கறியாக வாங்கினால் 850 என்பது 920. தலை, கால், குடல் விலையில் மாற்றமில்லை.

விலை ஏற மேய்ச்சல் காட்டுக் குத்தகைதான் முதல் காரணம். மூலனூர், தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம். சோலார் போடுகிறவர்களும் காற்றாலைக்காரர்களும் அந்தக் காடுகளைக் கேட்டு வந்து நிற்கிறபோது, ஆட்டுக்காரர் தருகிற குத்தகைக்கு யார் விடுவார்கள்? இருக்கிற காட்டிலேயே ஆட்டை அதிகமாக விட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல மழை வருஷத்தில் ஏக்கருக்கு மூன்று மறி (பெட்டைச் செம்மறி) தாங்கும். மழை தவறினால் ஒன்றுக்கே பாடு. செம்மறி புல்லை ஒட்ட மேயும். மழை விழுந்து தளிர்க்கிற சமயம் காட்டைச் சாத்தி வைக்காவிட்டால் கொழுக்கட்டைப்புல் தூரோடு போய்விடும், ஆடு தின்கிற நரிப்பயற்றுக் கொடி விதை கட்டாது. அப்புறம் அந்தக் காடு தேறி வரப் பல வருஷம் பிடிக்கும்.

அடுத்தது ஆள். இருந்த இரண்டு மேய்ச்சல்காரர்களில் ஒருவர் வைகாசியோடு நின்றுகொண்டார். பனியன் கம்பெனியில் நிழலில் நின்று வாங்குகிற சம்பளத்தை, நாள் முழுக்க வெயிலில் நடக்கிறவருக்கு நாங்கள் கொடுக்காமல் இருந்தது எங்கள் தப்புத்தான். இப்போது கொடுக்கிறோம். தெருநாய்கள் பட்டிக்குள் பாய்ந்து கடித்துப் போடுவது இந்தப் பக்கமெல்லாம் நடப்பதால் ராக்காவலுக்கும் தனியாக ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, சோளத்தட்டு விலையை நீங்களே அறிவீர்கள். மேச்சேரி ஆட்டுத் தோலுக்குத் தோல் தொழிலில் தனி மரியாதை இருந்தது, அறுப்புக்கூலியைத் தோலே கட்டிவிடும். இன்று அதை எடுத்துப்போக ஆள் வந்தாலே போதும் என்றாகிவிட்டது.

“கம்பளி வெட்ட வேண்டாத ஆடு, தானாக மேய்கிறது, உங்களுக்கு என்ன பெரிய செலவு?” என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மயிலம்பாடி என்றும் சொல்லப்படும் இந்த மேச்சேரி இனம் உடம்பில் குட்டை முடி மட்டுமே உள்ள ஆடு. கத்தரி போட வேண்டியதில்லை. முள்ளும் ஒட்டுப்புல்லும் சிக்குவதில்லை. கம்பளி ஆடு போல மழையில் நனைந்து பின்பக்கம் புழு வைப்பதும் குறைவு. கிடாய்க்கும் கொம்பு கிடையாது, அதனால் பட்டிக்குள் குத்திக் கிழித்துக்கொள்வதில்லை. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இருக்கிறது. வறட்சியைத் தாங்கும், கிடைத்ததைத் தின்று நடக்கும் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக வேலையே இல்லை என்று ஆகிவிடாது.

பனி காய்ந்த பிறகுதான், அதாவது ஒன்பது மணி வாக்கில், ஆட்டைத் திறந்துவிடுகிறோம். ஈரப்புல் நுனியில் குடற்புழுக் குஞ்சு ஏறி இருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கீழ் இமையைப் பிதுக்கிப் பார்க்கிறோம். ரத்தச் சிவப்பாக இருந்தால் மருந்து இல்லை. புழு ரத்தம் குடித்து வெளுத்திருந்தாலோ, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கினாலோ அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. பட்டி மொத்தத்துக்கும் மாதா மாதம் ஊற்றினால் சில வருஷத்தில் அந்த மருந்துக்குப் புழு அசையாது. மருந்து குடித்த கிடாய்க்குக் காதில் நீலக்கயிறு கட்டியிருக்கும். கறிக்கு விடக் கூடாது என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கும் நாள் கழிந்து, அதன் மேல் ஒரு வாரமும் போனால்தான் கயிறு அவிழும், அதுவரை அது விற்பனைக்கு இல்லை. துள்ளுமாரி தடுப்பூசி வருஷா வருஷம் மழைக்கு முன்பு. ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி மூன்று வருஷத்துக்கு ஒன்று. குளம்பு வெட்டுவது தனி.

இனி அந்தக் கட்டிக்கு வருவோம். அது தாது உப்புக்கட்டி. புல்லிலும் தழையிலும் சோடியம் போதாது. உப்பு கிடைக்காத ஆடு சுவரை நக்கும், மண்ணைத் தின்னும், பக்கத்து ஆட்டின் முடியைப் பிடுங்கித் தின்று வயிற்றில் உருண்டை சேர்த்துக்கொள்ளும். ஓர் ஆடு ஒரு நாளைக்கு அந்தக் கட்டியில் நக்குவது ஐந்திலிருந்து பத்துக் கிராம். மாட்டுக்கு விற்கிற கட்டியை வாங்கிக் கட்டினால் செலவு குறையும், ஆனால் அதில் செம்பு அதிகம். மாட்டுக்கு ஒத்துக்கொள்ளும் செம்பு செம்மறிக்கு ஈரலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு நாள் கண் மஞ்சளாகிச் சிறுநீர் சிவந்து ஆடு விழுந்துவிடும். அதனால்தான் செம்மறிக்கென்று தனியாக வரவழைக்கிறோம்.

உப்பு தண்ணீர் குடிக்க வைக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. கிடாய்க்கு உப்பு வைப்பதே பாதி அதற்காகத்தான். புண்ணாக்கும் தவிடும் தின்கிற கிடாய் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மூத்திரக்குழாயில் கல் அடைக்கும். அடைத்தால் இரண்டு மூன்று நாளில் வயிறு வீங்கிச் சாகும். நக்கிக் குடித்த தண்ணீர் எடையாக நிற்பதில்லை, சிறுநீராகப் போய்விடும்.

எடை ஏற்றுகிற வேலை வேறு மாதிரி. கைநிறைய உப்பை வாயில் திணித்து, ஓரிரண்டு மணி நேரம் தவிக்க விட்டு, தராசுக்குச் சற்று முன்னால் தண்ணீர் காட்டுவார்கள். ஒரு லிட்டர் குடித்தால் ஒரு கிலோ ஏறும். அப்படிப்பட்ட ஆட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், எங்கு வாங்கினாலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டின் இடப்பக்கம் கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கை வையுங்கள். இரவு முழுக்கத் தீனி இல்லாமல் நின்ற ஆட்டுக்கு அங்கே பள்ளம் விழுந்திருக்கும். தண்ணீர் ஏற்றிய ஆட்டுக்கு அந்த இடம் உப்பி நிற்கும், முஷ்டியால் அழுத்தினால் தளும்பும். அறுத்த பிறகு இரைப்பையைக் கீறச் சொல்லிப் பாருங்கள். அரைத்த தழை மாதிரி கெட்டியாக இருந்தால் சரி. கஞ்சி மாதிரி ஊற்றினால் ஏமாந்தீர்கள்.

நம் பட்டியில் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு மேல் தீனி கிடையாது. தண்ணீர் மட்டும் விடியும் வரை இருக்கும். தண்ணீரையும் நிறுத்தினால் ஆடு வாடித் தோல் உரியாமல் ஒட்டிக்கொள்ளும். காலை ஆறரைக்கு முத்திரை போட்ட தராசில் உங்கள் கண் முன்னால் எடை. இருந்தாலும் படம் பார்த்தவர்களுக்கு மனசு ஒப்பாது என்பது புரிகிறது. இனி எடை போடும் ஆடுகளை முந்தின மாலையே கட்டி இல்லாத தனிப் பட்டிக்கு மாற்றிவிடுவோம். இதை முன்பே செய்திருக்கலாம், செய்யாததற்கு வருந்துகிறோம்.

சரி, 24 கிலோ எங்கே போயிற்று? ரத்தம் ஒரு கிலோ. தோல் இரண்டே கால். தலை ஒன்றே முக்கால், கால்கள் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். கழுவிய குடல் இரண்டு கிலோ, ஈரல், நுரையீரல், இதயம், சுவரொட்டி சேர்த்து ஒன்றே கால். குடலுக்குள் இருந்த சாணியும் இரையும், பட்டினி போட்ட பிறகும், மூன்றரை கிலோ வரும். சில்லறைக் கழிவு முக்காலே சொச்சம். மீதி தொங்குகிற கறி பதினொன்று. அதை வெட்டும்போது எலும்புத்தூளும் நீரும் சேர்ந்து இருநூறு முந்நூறு கிராம் குறையும். ஆகப் படத்தில் சொன்ன கணக்கு பொய்யில்லை, காரணம்தான் பொய். நூற்றுக்கு 45, 46 என்பது மேய்ச்சல் ஆட்டின் இயல்பு. பரண்மேல் கட்டிப்போட்டு அடர்தீவனம் கொடுத்த ஆட்டில் இதைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடுதலாகவே வரும், ஏனென்றால் அதன் குடல் சிறுத்திருக்கும், கொழுப்பு ஏறியிருக்கும். புல் தின்கிற ஆட்டுக்கு வயிறு பெரிது. மேய்ச்சல் கறிதான் வேண்டும் என்று கேட்கிறபோது அந்த வயிற்றுக்கும் சேர்த்துத்தான் எடை விழுகிறது. இதை வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது எங்கள் பொறுப்பு. கறி எடைக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும் என்பவர்கள் அப்படியே வாங்கலாம், எங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

“பத்து மாசக் குட்டியில் 30 கிலோ கொடுங்கள்” என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த இனம் பிறக்கும்போது இரண்டேகால் கிலோ இருக்கும். மூன்று மாதத்தில் பத்து, ஆறு மாதத்தில் பதினான்கு பதினைந்து. மாலையில் 200 கிராம் தீவனமும் வைத்தால் ஒரு வருஷத்தில் 22 முதல் 24 வரை வரும். 30 கிலோ நிற்கிற செம்மறியை யாராவது பால்பல் விழாத மேச்சேரிக் குட்டி என்று காட்டினால் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே கிடாயைக் கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து சோறு, இட்லி, அரிசிக் கழுநீர் எதுவும் வைக்காதீர்கள். புல்லுக்குப் பழகிய வயிற்றில் சோறு விழுந்தால் புளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும், விடிவதற்குள் முடிந்துவிடும். ஒரு கட்டு வேப்பந்தழையோ வாகைத்தழையோ, ஒரு வாளித் தண்ணீரும் போதும். வண்டியில் போய் இறங்கியதும் எடை போட்டுவிட்டு, ஒன்று ஒன்றரை கிலோ குறைகிறது என்று போன் செய்யாதீர்கள். பயணத்தில் அது குறையத்தான் செய்யும்.

கறி வேகவில்லை என்பதும் ஒரு புகார். அறுத்து இரண்டு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றுங்கள், அல்லது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைத்து மறுநாள் சமையுங்கள். இரண்டுக்கும் நடுவில் கறி விறைத்திருக்கும், எத்தனை விசில் விட்டாலும் நார்நாராகத்தான் இருக்கும். சூடு ஆறாத கறியை நேராக ஃப்ரீசரில் திணிப்பது அதைவிட மோசம்.

படம் பரவிய பிறகும் எதுவும் கேட்காமல் போன ஞாயிறு வழக்கம்போல வந்து வரிசையில் நின்றீர்களே, அந்த முகங்களை மறக்க மாட்டோம். குர்பானிக்கு வருஷம் தவறாமல் ஓராண்டு நிறைந்த கிடாயை முன்கூட்டியே சொல்லி வைக்கிற குடும்பங்களுக்கும், குலதெய்வக் கோயிலுக்கு எங்கள் பட்டியிலிருந்தே கிடாய் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பெரியவர்களுக்கும் நன்றி. உங்களுக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்.

மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் பயம் இருப்பதாலும் ஆள் குறைவாலும் ஐப்பசி, கார்த்திகை (தீபாவளி உட்பட) உயிர்க்கிடா விற்பனை இல்லை, கட்டிய முன்பணம் தை மாதத்துக்கு மாற்றப்படும். ஞாயிறு கறிக்கடை எப்போதும்போல உண்டு.

சந்தேகம் உள்ளவர்கள் எந்த நாளும் காலை ஆறரைக்கு வரலாம். தராசும் இருக்கும், படலும் இருக்கும், கட்டியும் இருக்கும்.

இப்படிக்கு,
மூலனூர் பட்டியிலிருந்து உங்கள் கடைக்காரர்கள்

பின்குறிப்பு: ரத்தம் வேண்டுவோர் தூக்குப்போசி கொண்டு வரவும். உறையாமல் கலக்க உப்பு நாங்களே தருகிறோம். அது மளிகைக் கடை உப்பு, கட்டியில் உடைத்ததல்ல.