நான்கிலைக்கு ஆசைப்பட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ வாங்க ஆசைப்பட்டு அனுப்பிய காரின் படத்தைப் பார்த்தேன். சிவப்பு ஆல்ஃபா ரோமியோ மீத்தோ, பக்கவாட்டில் பச்சை நான்கிலைச் சின்னம், அதாவது மீத்தோக்களிலேயே சக்தி மிகுந்தது, 170 குதிரைத்திறன். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அதை ஓட்ட முடியாது.

கோயம்புத்தூரில் ஆறு வருடம் கார் ஓட்டியது மிலானில் செல்லாது. இந்திய லைசென்ஸை இத்தாலி மாற்றித் தருவதில்லை; அதனால்தானே மறுபடி உட்கார்ந்து படித்துப் போன மாதம் பாஸ் செய்தாய்? அவர்கள் கணக்கில் நீ புது ஓட்டுநர், 'நேயோபத்தென்தாத்தோ'. 2024 டிசம்பர் 14 முதல் பி வகை (கார்) லைசென்ஸ் வாங்கியவர்கள் மூன்று வருடத்துக்கு ஓட்டும் காரின் இன்ஜின் சக்தி 105 கிலோவாட்டைத் தாண்டக்கூடாது. அதோடு, வண்டி எடையில் டன்னுக்கு 75 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று இன்னொரு கணக்கும் உண்டு. அந்த நான்கிலை 125 கிலோவாட். பத்து வருடமாவது லைசென்ஸ் வைத்திருக்கும், 65 வயதைத் தாண்டாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் விலக்கு உண்டுதான். தினமும் யாரைக் கூட்டிக்கொண்டு போவாய்?

தொரினோவில் இருந்தபோது நான் வைத்திருந்தது 135 குதிரைத்திறன் மல்ட்டிஏர் டர்போ. என்னைக் கேட்டால் மீத்தோ என்றால் அதுதான். அது 99 கிலோவாட், முதல் கணக்கில் தப்பிவிடும். ஆனால் வண்டியின் எடையே ஒரு டன்னுக்குச் சற்று மேல்தான், அதனால் இரண்டாவது கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

மல்ட்டிஏர் என்பது வால்வைத் திறந்து மூடும் ஒரு நுட்பம்; 2009-இல் அது முதலில் வந்ததே மீத்தோவில்தான். வழக்கமான இன்ஜினில் கேம் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டின் மேடு வால்வைத் தள்ளும். எவ்வளவு திறக்க வேண்டும் என்பது அந்த மேட்டின் வடிவத்திலேயே முடிவாகிவிடும். இதில் உள்ளே காற்று வரும் வால்வுக்கும் மேட்டுக்கும் நடுவே கொஞ்சம் ஆயில் நிற்கிறது. ஒரு மின்வால்வு அந்த ஆயிலை அடைத்து வைத்தால் தள்ளு முழுதாகப் போய்ச் சேரும். திறந்துவிட்டால் ஆயில் வழிந்துபோய் வால்வு மூடிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அதாவது இங்கே ஆயில் வெறும் மசகு இல்லை, அதுவும் ஒரு பாகம். எனக்கு முன் வைத்திருந்தவர் ஆயில் மாற்றுவதில் கஞ்சம் பிடித்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் சளி பிடித்தவன் மாதிரி இருமும். மல்ட்டிஏர் யூனிட்டையே மாற்றிய பிறகுதான் அடங்கியது. பில்லைப் பற்றி அண்ணியிடம் கேட்காதே.

சரி, உனக்கு என்ன மிச்சம்? டர்போ இல்லாத 1.4 லிட்டர் 78 குதிரைத்திறன் கிடைக்கும். சிவனே என்று ஓடும், உனக்குத் தூக்கம் வரும். 105 குதிரைத்திறன் மல்ட்டிஏர், அதுவும் டர்போ இல்லாததுதான், பரவாயில்லை. ஆனால் முறுக்கிப் பிடித்தால்தான் பிக்கப்.

நான் சொல்வது 85 குதிரைத்திறன் ட்வின்ஏர். 875 சிசி, இரண்டே சிலிண்டர், டர்போ. 2011-இல் உலகின் சிறந்த இன்ஜின் விருது வாங்கியது. நம் ஊர் ஆட்டோ மாதிரி ஒரு தடதடப்பு இருக்கும். முதல் நாள் சிரிப்பாய், பத்தாம் நாள் அது இல்லாமல் இருக்க முடியாது. குறைந்த வேகத்திலேயே இழுக்கும், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஊருக்கு அது போதும். மைலேஜ் மட்டும் கம்பெனி சொன்னபடி வராது. கியர் கம்பி பக்கத்தில் டிஎன்ஏ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். 'டைனமிக்'கில் போட்டால் ஆக்சிலரேட்டருக்கு உயிர் வரும், பெட்ரோலும் பறக்கும்.

டீசல் பக்கம் போகாதே. யூரோ 5 என்ற மாசுத் தரத்து டீசலை 2022 அக்டோபர் முதல் மிலானின் 'ஏரியா பி' என்ற கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வார நாட்களில் பகலில் விடுவதில்லை.

மீத்தோ 2008-இல் வந்து 2018-இல் நின்றுபோனது, ஆகையால் எதை எடுத்தாலும் பழசுதான். பேர்கூட மிலானோ (உன் மிலான்தான்), தொரினோ இரண்டையும் ஒட்டியதுதான். வடிவமைத்தது மிலானில், செய்தது தொரினோவின் மிராஃபியோரி ஆலையில். மூன்று கதவு என்பதால் பின்சீட்டில் அம்மா ஏறி இறங்கச் சிரமப்படுவார் என்பதையும் யோசித்துக்கொள்.

சனிக்கிழமை பார்க்கப் போவதற்கு முன், 'போர்த்தாலே தெல்லவுத்தோமொபிலிஸ்தா' என்ற இத்தாலி அரசுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, புது ஓட்டுநருக்கு அனுமதி உண்டா என்று பார். நீ போகும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று விற்பவரிடம் இப்போதே சொல்லிவை. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் இருமலை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம், திரும்பி வா. ஆறியிருந்தால், ஸ்டார்ட் செய்யும்போது எனக்கு போன் போட்டு இன்ஜின் பக்கம் பிடி, சத்தத்தை நான் கேட்கிறேன்.

அண்ணன்