எதிர்ப்புச் சக்தி கூடினால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். உங்கள் மருத்துவப் பக்கத்தில் 'நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' உணவு, டானிக் பற்றி அடிக்கடி வருகிறது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் சொல்வதை உங்களிடமும் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டே போவது நல்லதல்ல. கிருமி நுழைந்தால் காய்ச்சலும் வீக்கமும் வரத்தான் வேண்டும். வேலை முடிந்ததும் அந்த எதிர்ப்பு அடங்கவும் வேண்டும். அடங்காமல் சொந்த உடம்பையே தாக்குவதுதான் மூட்டுகளை வீங்க வைக்கும் முடக்குவாதம், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோய் எல்லாம். அடக்கி வைக்கிற வேலையைச் செய்யும் டி அணுக்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) பற்றிய கண்டுபிடிப்புகளுக்குத்தான் 2025-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த அணுக்களின் எண்ணிக்கையில் நம் குடல் பாக்டீரியாக்களுக்கும் பங்கு இருக்கிறது. குடலில் ஒரு வகை பாக்டீரியா குடியேறினால் அழற்சியைத் தூண்டும் அணுக்கள் பெருகுவதை 2009-இல் எலிகளில் கண்டார்கள். கிளாஸ்ட்ரிடியம் குடும்பத்துப் பாக்டீரியாக்கள் அடக்கும் அணுக்களைப் பெருக்குவதாக 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அதுவும் எலிகளில்தான், காட்டினார்கள். நாம் சாப்பிடும் நார்ச்சத்தை இவை புளிக்க வைக்கும்போது பியூட்டிரேட் என்ற பொருள் உண்டாகிறது. அடக்கும் அணுக்கள் வளர அது உதவுகிறது. பியூட்டிரேட்டைத் தயாரிக்கும் ஒரு பாக்டீரியா குரோன் நோயாளிகளின் குடலில் குறைந்திருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். தூண்டுவதும் வேண்டும், அடக்குவதும் வேண்டும். சோறு சீக்கிரம் வேகட்டும் என்று அடுப்பைக் கடைசிவரை முழுசாக எரியவிட்டால் அடிப்பிடிக்கத்தானே செய்யும்?

இப்போது கடைக்கு வருகிறேன். காசிமேட்டிலிருந்து வருபவர், "யக்கா, வயித்தால போவுது, போன தபா குடுத்த மாத்திரையே ரெண்டு குடு" என்பார். அவர் கேட்பது மெட்ரோனிடசோல். காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் கொல்கிற மருந்து அது. பியூட்டிரேட் தருகிறவையும் பெரும்பாலும் அப்படி வாழ்பவைதான். அதே ஆள் பில் போடும்போது, "எதிர்ப்பு சக்திக்கு ஒரு சிரப்பும் வை" என்பார். அந்தச் சிரப்புக்குக் கொடுக்கிற காசை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் கொடுத்து, நாளையும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அனுப்புவேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

அங்கே என்ன நடக்கும் என்றும் தெரியும். அட்டையைக் கத்தரியால் இரண்டு மாத்திரை அளவுக்கு வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும். சீட்டில்லாமல் தரக்கூடாது என்று எச்சரிக்கும் செங்குத்தான சிவப்புக் கோடும் பல நேரம் கடையில் தங்கும் பாதியிலேயே போய்விடும். செஃபிக்ஸிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு விதி இன்னும் கடுமை: டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2014 முதலே இது நடைமுறையில் இருக்கிறது. எழுதாமல் விற்பவர்களை யார் கேட்கிறார்கள்?

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. காசநோய் மாத்திரையை டாக்டர் சொன்ன காலம் முழுக்கச் சாப்பிட்டே ஆக வேண்டும். உண்மையான பாக்டீரியா தொற்றுக்கும் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்துதான். தேவையில்லாமல் விழுங்குவதைத்தான் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு குடலில் நல்லவை அழிந்து, டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிப் பெருங்குடலையே புண்ணாக்குவது மருத்துவர்கள் நன்றாக அறிந்த நோய்.

அப்புறம், சாப்பாடு. காலையில் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ் வாங்கிக் குடிப்பவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். நம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்து ஆய்வு செய்தார்கள், அரசும் அதற்கு நிதி ஒதுக்கியது. அது பற்றி விரிவாக எழுதுங்கள். கூடவே, அட்டையிலுள்ள அந்தச் சிவப்புக் கோட்டின் படத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி பெரிதாக ஒருமுறை போடுங்கள். உங்கள் பக்கத்தை வெட்டிக்கொண்டு வருபவர்களுக்கு நான் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81