நீ கேட்ட நீலக் கோடு

கோத்தகிரி,
தை மாதம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. டொரொண்டோவில் மகன் வீட்டு ஹீட்டரை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறாய் போலிருக்கிறது. காலையில் 8 டிகிரி, மத்தியானம் சடசடவென்று மழை, சாயங்காலம் மைனஸ் 9 என்று எழுதியிருக்கிறாய். அங்கே டிவி வரைபடத்தில் நீலக் கோட்டில் முக்கோணமும் சிவப்புக் கோட்டில் அரைவட்டமும் ஓடுகிறதே, நம் ஊர் வானிலை அறிக்கையில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்ததே இல்லையே, ஏன் என்றும் கேட்டிருக்கிறாய். ரிட்டயர் ஆன பூகோள வாத்தியாரைச் சும்மா விடமாட்டாய்.

நீ இருக்கும் இடம் அப்படி. கனடாவின் வட கோடியில் பனித்தரை மேல் நாள்கணக்கில் கிடக்கும் காற்று அந்தக் குளிரையும் வறட்சியையும் வாங்கிக்கொள்ளும். மெக்சிகோ வளைகுடா மேல் கிடக்கும் காற்றில் வெப்பமும் ஈரமும் ஊறிப்போகும். இவைதான் காற்றுத்தொகுதிகள், ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும். இரண்டும் எதிர்ப்பட்டால் லேசில் கலக்காது. அவை மோதும் எல்லைதான் வளிமுகம். குளிர்காற்று கனமானது, ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து வெப்பக்காற்றை மேலே தூக்கிவிடும். உன் வீட்டு மேல் போனது அந்த நீலக் கோடுதான். கொட்டும், சீக்கிரம் ஓயும், காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும். சிவப்புக் கோடு நிதானமானது. வெப்பக்காற்று, பின்வாங்கும் குளிர்காற்றின் முதுகில் மெல்லச் சரிந்து ஏறும். முதலில் கீற்று மேகம், பிறகு சூரியனைச் சுற்றி வட்டம், அப்புறம் நாளெல்லாம் நசநசவென்று தூறல்.

இதைக் கண்டுபிடித்தது நார்வேக்காரர்கள். முதல் உலகப் போரில் வெளிநாட்டு வானிலைத் தகவல் வருவது நின்றுபோக, பெர்கன் நகரில் வில்ஹெல்ம் பியர்க்னஸ் தன் நாட்டுக்குள்ளேயே நிறைய கண்காணிப்பு நிலையங்களை அமைத்தார். அவ்வளவு நெருக்கமாகக் குறிப்புகள் வந்ததால்தான் அந்த எல்லைகள் கண்ணில் பட்டன. 1919இல் அவர் மகன் யாக்கோப் அதைக் கட்டுரையாக எழுதியபோது வயது இருபதுகளின் தொடக்கம். அதே யாக்கோப்தான் பிற்காலத்தில் பசிபிக் பக்கம் திரும்பி, அந்தக் கடல்நீர் சில வருஷம் வழக்கத்தைவிடச் சூடாகிறதே, அந்த எல் நினோ எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். நம் பருவமழையைப் பற்றி யார் பேசினாலும் இன்று எல் நினோவைத் தொடாமல் இருப்பதில்லை.

நம் பக்கம் கோடு போட இடமில்லை. அரபிக்கடல் காற்றுக்கும் வங்கக்கடல் காற்றுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வங்கக்கடல் புயலுக்குக்கூட வளிமுகம் இல்லை, அதன் பலமெல்லாம் கடல்நீரின் சூட்டிலிருந்து வருவது. அங்கே குளிர்காற்று செய்கிற தூக்குகிற வேலையை இங்கே மலை செய்கிறது. ஆனியிலும் ஆடியிலும் மேற்கேயிருந்து வரும் ஈரக்காற்று கூடலூர், தேவாலா பக்கம் முட்டி மேலேறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததே, நினைவிருக்கிறதா? தொட்டபெட்டாவைத் தாண்டி நம்மிடம் வருவதற்குள் சாரலும் மஞ்சும்தான் மிச்சம். கீழே இறங்கும் காற்று சூடேறிக் காய்ந்துபோகும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகும் காற்றுக்கு மலை ஏறும் சிரமமே இல்லை, அது உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது.

நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். காற்று கிழக்கே திரும்பிவிடும், முதல் அடி நமக்கும் குன்னூருக்கும். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை வீடு போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானலும் இந்த மழையை நம்பித்தான் இருக்கிறது.

உன் கோட்டுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது கோடை இடிமழை. ‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்று ரேடியோவில் வாசிப்பார்களே, அது. அங்கேயும் காற்று முட்டி மேலேறத்தான் செய்கிறது. ஆனால் மழை விட்டதும் கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருக்கும், மறுநாள் பழைய வெயில். உங்கள் ஊர் மாதிரி காற்றே ஆள் மாறிப்போவதில்லை.

இப்போது இங்கே உறைபனி. நிலப்பரப்பிலிருந்து வரும் வறண்ட காற்று, மேகமே இல்லாத வானம். ராத்திரியில் தரைச் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருப்பவன் தப்பிக்கிறான், தலைகுந்தாவில் புல் வெள்ளையாகிறது. உன் தோட்டத்திலும் ஓடையோரத் தேயிலை கருகிவிட்டது, மேல் பாத்தி பச்சையாகவே இருக்கிறது. இப்போதே கவாத்து செய்ய வேண்டாம், பனி முடியட்டும் என்று உன் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கேட்பானா தெரியவில்லை.

அடுத்த நீலக் கோடு வரும் நாளில் ஒரு வேலை செய். மகனின் போனில் காற்றழுத்தம் காட்டும். மணிக்கு ஒருமுறை அதையும் காற்றின் திசையையும் குறித்துவை. அழுத்தம் இறங்கி, கோடு கடந்ததும் விறுவிறுவென்று ஏறும். நாற்பது வருஷம் கரும்பலகையில் வரைந்தேன், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
நடராஜன்