உறைந்த தேனைக் கொட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழிக் குளிரில் தேன் பாட்டிலின் அடியில் வெள்ளை மணல்போல ஏதாவது படிந்தால் போதும், ‘சீனிப்பாகு கலந்துவிட்டான்’ என்று பல வீடுகளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பாட்டில் கடைக்குத் திரும்புகிறது, அல்லது சாக்கடைக்குப் போகிறது. ஆனால் திறந்ததும் புஸ்ஸென்று காற்று வந்து, மேலே நுரை கட்டி, புளித்த வாடை அடிக்கும் தேனை ‘காட்டுத் தேன் அப்படித்தான் பொங்கும்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கெட்டுப்போனது இந்த இரண்டாவது தேன்தான்.

தேனில் சர்க்கரை மிகுதி, தண்ணீர் குறைவு. அத்தனை குளுக்கோஸும் அந்தக் கொஞ்சம் தண்ணீரில் கரைந்தே இருக்க முடியாமல் படிகமாக ஒதுங்குகிறது. குளுக்கோஸ் கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை கிடைக்கும் தேன் இதற்கு நல்ல உதாரணம். பூவில் அல்ல, இளம் இலைக்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து வருவது அது. சுத்தமானதாக இருந்தாலும் விரைவில் உறையும். ஆகவே உறைதலை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் சொட்டுவிடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற சோதனைகளுக்கும் இதே கதிதான். கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் நேராக அடிக்குப் போகும்.

படிகம் மிக வேகமாக உருவாவது 14 டிகிரி செல்சியஸ் அளவில். தேனை ஃபிரிட்ஜிலும் வைக்க வேண்டாம். அங்கே கெடாது, ஆனால் கட்டியாகிவிடும்.

உறைந்ததை இளக்குவது எளிது. கண்ணாடி பாட்டிலின் மூடியைச் சற்றுத் தளர்த்தி, ஒரு பாத்திரத்தில் துணி விரித்து அதன்மேல் நிறுத்துங்கள். தேன் இருக்கும் மட்டம்வரை 45 டிகிரி வெந்நீர் ஊற்றுங்கள். விரலை விட்டால் நல்ல சூடு தெரிய வேண்டும், ஆனால் சுடக் கூடாது. ஆற ஆறத் தண்ணீரை மாற்றுங்கள். அரை கிலோ பாட்டிலுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கலாம். பொறுமையிழந்து அடுப்பில் நேராகவோ மைக்ரோவேவிலோ வைத்துவிடாதீர்கள். கடைசிப் படிகமும் கரைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மிஞ்சிய படிகம் மறுபடி உறைவதற்கு விதையாகிவிடும். பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்தால் முதலில் கரண்டியால் கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள். இளக்காமல் அப்படியே ரொட்டியில் தடவியும் சாப்பிடலாம்.

புளிப்புக்குக் காரணம் ஈரம். எல்லாத் தேனிலும் சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட் உண்டு. ஈரம் 18 விழுக்காட்டுக்குள் இருந்தால் அது அடங்கிக் கிடக்கும். 20-ஐத் தாண்டினால் வேலையைத் தொடங்கிவிடும். தேனுக்கு 20 விழுக்காடே உச்சவரம்பு என்று நம் உணவுப் பாதுகாப்பு விதியும் சொல்கிறது. தேனீக்கள் சிறகால் விசிறி நீரை வற்றவைத்த பிறகுதான் தேனடையின் அறையை மெழுகால் மூடுகின்றன. முக்கால் பங்காவது மூடாத அடையிலிருந்து அவசரமாக எடுத்த தேன், கூட்டோடு சேர்த்துக் கையால் பிழிந்த தேன் இரண்டும் சீக்கிரம் புளிக்கும். பாதி உறைந்த தேனிலும் கவனம் தேவை. குளுக்கோஸ் படிகமாகக் கீழே இறங்கும்போது மேலே நிற்கும் பாகில் ஈரத்தின் பங்கு கூடிவிடும். நுரை அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாங்கும்போது சரியாக இருந்த தேனும் வீட்டில் ஈரமாகிவிடும். காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினாலே நல்ல தேன் அதை உறிஞ்சத் தொடங்குகிறது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். மூடியை ஒப்புக்கு வைத்துவிட்டுப் போவதும் ஈரக் கரண்டியை விடுவதும்தான் பெரும்பாலான பாட்டில்களைக் கெடுக்கின்றன. பெரிய டின்னில் வாங்கினால், அன்றாடத் தேவைக்குக் கால் கிலோ அளவு சிறு பாட்டிலில் எடுத்துக்கொண்டு மற்றதைத் திறக்காமல் வையுங்கள்.

வெப்பம் சத்தமில்லாமல் கெடுக்கும். சூட்டில் தேனின் நொதிகள் அழியும், நிறம் கறுக்கும், சர்க்கரை சிதைவதால் உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். உலக நாடுகளின் பொதுத் தரவிதி இதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம்; வெப்பநாட்டுத் தேனுக்கு 80. தேனை 30 டிகிரியில் வைத்தால் 40-ஐ நெருங்க 100 முதல் 300 நாள் ஆகும்; 40 டிகிரியில் 20 முதல் 50 நாளே போதும்; 70 டிகிரியில் சில மணி நேரம். சித்திரை வெயிலில் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி எத்தனை சூடாகிறது என்று கைவைத்துப் பாருங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சம் படாத கீழ்த்தட்டுதான் தேனுக்கு இடம். தேனில் அமிலம் உண்டு. இரும்பு, அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் சேமிக்கக் கூடாது. கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் நல்லது.

லேபிளில் உள்ள 18 அல்லது 24 மாதம் சுவை, மணம், நிறத்துக்கான கணக்கு. அந்தத் தேதிக்கு மறுநாள் தேன் நஞ்சாகிவிடாது. நுரையும் புளிப்பும் இல்லையென்றால் பயன்படுத்தலாம்.

ஆனால் எவ்வளவு நல்ல தேனானாலும், எப்படிச் சேமித்திருந்தாலும், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் வீட்டுச் சூட்டில் சாகாது. பச்சிளம் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். சேனை வைப்பதாக நாக்கில் தேன் தடவும் வழக்கத்தைப் பெரியவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
தேனீ வளர்ப்போர் சிலர்,
மார்த்தாண்டம்.