இராயப்பத் தாத்தாவின் ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிள்ளான், மலேசியா

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தையர் இருவருக்கும், பங்கு அலுவலகப் பணியாளர்களுக்கும், உபதேசியார் ஐயா அவர்களுக்கும், திருச்சியில் வாழும் இலத்தீன் ஆசிரியர் அவர்களுக்கும், எங்கள் அத்தைக்கும் வணக்கம்.

என் கொள்ளுத்தாத்தா இராயப்பன் எந்த ஊரிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறினார் என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் நூறாண்டுகளாகச் சரியான விடை இல்லை. அந்த விடையைக் கோயில் ஏடுகளிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று உங்களில் பலரும் கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த உதவியைச் சொல்லியே நன்றி கூறுகிறேன். ஊரின் பெயரையும் எழுதவில்லை. அதே ஏட்டின் அதே பக்கங்களில் பிற குடும்பங்களின் சாதியும், தகப்பன் பெயர் இல்லாத குழந்தைகளின் பிறப்பும் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்ல யாருக்கும் நான் வழிகாட்ட விரும்பவில்லை. கொள்ளிடத்திற்கு வடக்கே, கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர் என்பது போதும்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் சொந்த ஊர் நாகப்பட்டினம் என்று இருந்தது. பாட்டியும் அப்படியே சொல்லி வந்தார். ஆகவே இரண்டு ஆண்டுகள் நாகப்பட்டினத்தையும் அதைச் சுற்றிய பங்குக் கோயில்களையும் விடாமல் எழுதித் தொந்தரவு செய்தேன். அங்கிருந்து பொறுமையாகப் பதில் அனுப்பிய எழுத்தர் ஒருவர்தான், மூன்றாவது கடிதத்தின் இறுதியில், "ஐயா, அது அவர் பிறந்த ஊரா, கப்பலேறிய ஊரா என்று விசாரித்தீர்களா?" என்று கேட்டிருந்தார். பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) ஆட்களை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது, தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்த எத்தனையோ பேருக்கு அக்கரையில் "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டபோது கடைசியாகக் கால் வைத்திருந்த ஊரின் பெயரே வாயில் வந்திருக்கிறது. அந்த எழுத்தருக்கு என் முதல் நன்றி. அவர் கண்டெடுத்துக் கொடுத்தது எதுவுமில்லை; ஆனால் தவறான கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவனை அவர்தான் நிறுத்தினார்.

அடுத்த நன்றி எங்கள் அத்தைக்கு. தகரப்பெட்டியின் அடியில், பழைய ஜெபமாலையைச் சுற்றியிருந்த தாளை அவர் தூக்கி எறியாமல் வைத்திருந்தார். கோயிலில் கொடுத்த திருமணச் சான்றின் பாதி அது. ஆண்டும் மாதமும் மட்டுமே எஞ்சியிருந்தன: 1913, நவம்பர். எங்கள் கிள்ளானின் லூர்து மாதா ஆலயம் 1928இல் கட்டப்பட்டது என்பதால், அந்தத் திருமணத்தின் பதிவு அதற்கு முன் இப்பகுதியைக் கவனித்துவந்த பழைய பங்கின் ஏட்டில்தான் இருக்க வேண்டும் என்று அங்குள்ள அலுவலக அம்மையார் சொன்னார். மதிய உணவுக்குப் போகாமல் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஏட்டை இறக்கியவரும் அவரே. பழைய மை தாளை அரித்து, சில எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டைகளே மிஞ்சியிருந்தன. புரட்டும்போது தாள் உடையாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஓர் அட்டையைச் செருகிப் புரட்டினார். நான் தொட அவர் அனுமதிக்கவில்லை, அது சரியே.

நவம்பர் 24, திங்கட்கிழமை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக்காலம் அந்த ஆண்டு 30ஆம் தேதி தொடங்கியதால், அதற்குள் கல்யாணங்களை முடித்துவிட வேண்டும் என்று அந்த ஒரு வாரத்தில் மட்டும் ஏழு திருமணங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் அந்த ஏழிலும் இராயப்பன் என்ற பெயரே இல்லை. நான் ஏமாற்றத்துடன் நின்றபோது, அம்மையார் ஐந்தாவது பதிவைச் சுட்டி, "பெத்ருஸ், பவுலுஸின் மகன். இராயப்பர்தானே பேதுரு?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாரிஸ் அயல்மறைபணிச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் ஏட்டை இலத்தீனில் எழுதியபோது, நம்மவர் வழங்கிய இராயப்பன் பெத்ருஸ் ஆனார், சின்னப்பன் பவுலுஸ் ஆனார், அருளப்பன் யொவான்னெஸ் ஆனார், சூசை யோசேபுஸ் ஆனார். வீட்டில் வழங்கிய பெயரை வைத்துக்கொண்டு இலத்தீன் ஏட்டில் தேடினால் நூறாண்டுகள் தேடினாலும் கிடைக்காது. குடும்பப் பெயரும் நமக்கு இல்லை. தகப்பன் பெயர் ஒன்றுதான் பிடி. ஒரே பங்கில் பவுலுஸின் மகன் பெத்ருஸ் மூன்று பேர் இருந்தால் என்ன செய்வது?

அங்கேதான் திருச்சி ஆசிரியர் அவர்களின் உதவி வந்தது. குருமடத்தில் இலத்தீன் கற்பித்து ஓய்வுபெற்ற அவர், நான் கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, நான் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு வரியைப் பற்றியே முதலில் கேட்டார். இரண்டாம் தலைமுறை இரத்த உறவுத் தடைக்கு விலக்கு பெற்றுத் திருமணம் நடந்தது என்பது அந்த வரி. அன்றைய திருச்சபைச் சட்டக் கணக்கில் இரண்டாம் தலைமுறை என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. அதாவது நம் வழக்கில் மாமன் மகளும் அத்தை மகனும். ஐரோப்பாவில் விதிவிலக்காக இருந்தது நம்மிடம் உரிமையாக இருந்ததால், தமிழர் பங்குகளின் திருமண ஏடுகளில் இந்த விலக்குக் குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றும், வம்சம் தேடுபவனுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை என்றும் ஆசிரியர் விளக்கினார். இராயப்பத் தாத்தா முன்பின் தெரியாத நாட்டுக்குத் தனியே போனவர் என்றுதான் எங்கள் வீட்டில் கதை. அந்த ஒரு வரி கதையை மாற்றிவிட்டது. அவருக்கு முன்பே குடும்பத்தோடு கித்தா (ரப்பர்) தோட்டத்துக்கு வந்திருந்த தாய்மாமன் அழைத்துத்தான் அவர் வந்திருக்கிறார். வந்தவர் அந்த மாமன் மகளையே மணந்திருக்கிறார். சாட்சிகளாகக் கையெழுத்திடத் தெரியாமல் சிலுவைக் குறி போட்ட இருவரில் ஒருவர், பின்னர் அவர்களுடைய நான்கு குழந்தைகளுக்கும் ஞானத்தகப்பனாக நின்ற கங்காணி. வரவழைத்தவர், வேலை கொடுத்தவர், சம்பந்தி, ஞானத்தகப்பன் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது ஏட்டைப் பார்க்கப் பார்க்கத் தெளிவாயிற்று.

மணமகளின் பெயரை மட்டும் அந்தப் பிரெஞ்சுக் குரு இலத்தீன் ஆக்கவில்லை. ஆக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அடைக்கலம் என்று அப்படியே ரோமன் எழுத்தில் எழுதிவிட்டார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது அவ்வட்டாரத்து வழக்கம் என்பதால், வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்ட அவ்வூரைச் சுற்றியே தேடுங்கள் என்று ஆசிரியர் சொன்னார். ஊர்ப் பெயரும் பதிவில் இருந்ததுதான். ஆனால் அது பிரெஞ்சுக் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு, ழகரம் எங்கோ போய், மூன்று ஊர்களில் எதுவாகவும் இருக்கலாம் என்ற நிலையில் இருந்தது. அடைக்கலப் பாட்டியின் பெயர் அந்த மூன்றை ஒன்றாக்கியது.

இனி ஓரக் குறிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் திருமண ஏடு வைக்கக் கட்டளையிட்டது பலரும் அறிந்தது. புலம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட உதவுவது, 1907இல் வெளியாகி 1908 உயிர்ப்பு ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபையின் 'நே தேமெரே' ஆணை. ஒருவர் எங்கே திருமணம் செய்தாலும், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும், அங்கே அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. ஊரில் ஒரு மனைவி, கடல் தாண்டி இன்னொரு மனைவி என்று ஆகிவிடக் கூடாது என்பதே நோக்கம். நோக்கம் எதுவாயினும், இன்று அக்கரைக்காரனின் பெயர் இக்கரை ஏட்டில் கிடைப்பது அதனால்தான். கும்பகோணத்தையும், கிள்ளான் பகுதி அடங்கிய மலாக்கா மறைமாவட்டத்தையும் அப்போது ஒரே சபையின் குருக்கள் நடத்திவந்ததும் உதவியிருக்க வேண்டும். அதே வட்டாரத்தில் இயேசு சபையின் மதுரை மிஷனுக்கும் மயிலாப்பூரின் போர்ச்சுகீசிய மறை ஆட்சிக்கும் உட்பட்ட பங்குகளும் இருந்தன. கடிதம் தவறிப்போக வழி நிறையவே இருந்தது.

பங்குத்தந்தை அவர்களே, அந்த ஓரக் குறிப்பைத் தேடி உங்கள் ஊருக்கு நான் வந்த அன்று காலை மூன்றாவது பூசையை முடித்துவிட்டு, நோயாளி ஒருவருக்கு நற்கருணை கொடுக்கப் புறப்பட்ட நீங்கள், என்னைக் கண்டதும் சாவியை உபதேசியாரிடம் கொடுத்து, "இவர் கிள்ளானிலிருந்து வந்திருக்கிறார், கூடவே உட்காருங்கள்" என்று சொல்லிச் சென்றீர்கள். வேறு ஓர் ஊரில், ஏடு கறையான் தின்றுவிட்டது என்று கதவைத் திறக்காமலே என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிறகு அந்த ஏடு நலமாக இருப்பது தெரிந்தது. அந்த மனக்கசப்போடு வந்தவனுக்கு உங்கள் சாவி எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள்.

உபதேசியார் ஐயா, எண்பது வயதில் பூதக்கண்ணாடியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, "இது இல்லை, அடுத்தது" என்று நீங்கள் ஒவ்வொரு பதிவாகக் கடந்துகொண்டே வந்தீர்கள். 1887ஆம் ஆண்டின் பக்கத்தில் உங்கள் விரல் நின்றது. பெத்ருஸ், பவுலுஸின் மகன். ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில், இரண்டே வரி: 1913 நவம்பர் 24இல் மலாக்கா மறைமாவட்டத்தில் திருமணம், மணமகளின் பெயர் அடைக்கலம். இடம் போதாமல் கடைசிச் சொல் பக்கவாட்டில் மேலேறிப் போயிருந்தது. நீங்கள் கண்ணாடியை வைத்துவிட்டு, "அப்படியானால் நீர் எங்கள் கீழத்தெருப் பிள்ளை" என்றீர்கள். அதற்கு நான் பதில் சொன்னதாக நினைவில்லை. மாலையில் நீங்கள் அழைத்துச் சென்று காட்டிய வீட்டுமனையில் இப்போது வேலிக்கருவை மண்டியிருக்கிறது; அதன் எதிர்வீட்டுப் பாட்டி கொடுத்த மோருக்கும் சேர்த்து நன்றி.

ஒருவரை மட்டும் எந்த ஏட்டிலும் காணவில்லை. தாத்தாவின் மூத்த மகன், 1943இல் ஜப்பானியரால் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். அலுவலக அம்மையார் 1942 முதல் 1946 வரையிலான அடக்க ஏடுகளை மூன்று பங்குகளில் கேட்டுப் பார்த்தார். ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. அதன் ஓரம் வெறுமையாக இருக்கிறது. அவ்வளவுதான். அந்தத் தேடலைச் செய்ததற்காகவும், கிடைக்கவில்லை என்பதைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னதற்காகவும் அம்மையாருக்கு எங்கள் குடும்பம் முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

இறுதியாக, ஆசிரியர் அவர்களிடம் ஒரு திருத்தத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தாத்தா ஞானஸ்நானம் பெற்ற நாள் ஜூலை 7 என்று நான் எழுதிவைத்திருந்தேன். பிறந்து இரண்டு நாளான குழந்தை என்று பதிவு சொல்வதால், பிறந்த நாள் ஜூலை 5 என்றும் கணக்கிட்டிருந்தேன். நீங்கள் படத்தைப் பெரிதாக்கி, "1887இன் முதல் இலக்கத்தைப் பாருங்கள், அந்தக் குருவின் ஒன்று அப்படித்தான், மேலே நீண்ட கொக்கியோடு. கடைசி இலக்கத்தின் இடுப்பில் குறுக்குக்கோடு இருக்கிறது, அதுதான் ஏழு. தேதியில் கோடு இல்லையே" என்றீர்கள். முந்தைய பதிவு ஜூன் 28, அடுத்தது ஜூலை 3. ஆகவே இடையில் வரக்கூடியது ஜூலை 1 மட்டுமே. பிறந்தது ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

பங்குத்தந்தை அவர்கள் இசைவளித்தபடி, 1880 முதல் 1915 வரையிலான ஞானஸ்நான ஏட்டுக்கு இலத்தீன் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்ந்த அகரவரிசைப் பட்டியல் ஒன்றைத் தட்டச்சு செய்து, இரண்டு படிகள் பங்கு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சாதியையும் பிறப்பு முறையையும் குறிக்கும் செய்திகளை அதில் சேர்க்கவில்லை. முதலில் அனுப்பிய படியில் ஒன்றை ஏழாகப் படித்த இடங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. திருத்திய படி வந்து சேர்ந்ததும், அருள்கூர்ந்து பழையதைக் கிழித்துவிடுங்கள்.

நன்றியுடன்,
இராயப்பன், அடைக்கலம் ஆகியோரின் கொள்ளுப்பேரன்