அணியின் பெயர் கேட்கும் வினாவை மாற்றுங்கள்: தமிழ் வினாத்தாள் ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

தவணைப் பரீட்சை நெருங்கினால் எங்கள் பிள்ளைகள் உவமை முதலிய செய்யுள் அணிகளின் பெயர்களைப் பாடமாக்கத் தொடங்கிவிடுவார்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் பொருளணிகள், அதாவது பொருளால் அழகு தரும் அணிகள், 35. அவற்றுள் பாடத்துக்கு வேண்டியவற்றை வரைவிலக்கணத்தோடு ஒப்புவிப்பார்கள். ஆனால் அந்த அணி பாட்டில் என்ன செய்கிறது என்று கேட்டால் பலருக்கு வாய் வராது. வினாத்தாள் அதைக் கேட்பதில்லையே, அவர்கள் ஏன் யோசிக்கப் போகிறார்கள்?

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுங்கள். ‘செம்புலப் பெயல்நீர் போல’ (செம்மண்ணில் பெய்த மழைநீர் போல) என்பதில் ‘போல’ உவம உருபு, ஆகவே உவமையணி; புள்ளி கிடைத்துவிடும். உரும்பிராயிலும் சுன்னாகத்திலும் செம்பாட்டு மண்ணில் மாரி மழை விழுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு இவ்வளவுதானா கேள்வி? என் தாயும் உன் தாயும் யார், தந்தையர் எவ்வகையில் உறவு, நாம் எப்படி அறிந்தோம் என்று அடுக்கிவிட்டுத்தான் தலைவன் அந்த உவமைக்கு வருகிறான். மழைக்கும் மண்ணுக்கும் முன்பு எந்த உறவும் இல்லை. விழுந்த பிறகோ பிரித்தெடுக்க முடியாது. அவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சி நிற்பவளுக்கு இதைவிட உறுதியான பதில் இல்லை. உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று தொல்காப்பியர் நான்காக வகுத்தார். இங்கே ஒப்புமை நிறத்திலா, கலத்தலிலா என்று கேட்டுப்பாருங்கள், வகுப்பே வாதாடும். என் தீர்ப்பு கலத்தல்தான்.

இயல்பாக நடப்பதன்மீது புலவர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணியும் இப்படியே. மதுரை மதிற்கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை ‘வாரல்’ (வராதே) என்று கைகாட்டி மறிப்பதாகச் சிலப்பதிகாரத்தில் இளங்கோ பாடுகிறார். பிள்ளைகள் வரைவிலக்கணத்தை எழுதி அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். அதே காதையில், கொடிகளுக்குச் சற்று முன்னரே, வையை மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள். கோவலன் மதுரையில் கொலையுண்ணப்போவதை ஆறு அறிந்திருக்கிறது, கொடி அறிந்திருக்கிறது, கதை தெரிந்த நாமும் அறிவோம். நடந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. நெஞ்சு பதறும் இடம் அது. அதை ஒரு பெயராகச் சுருக்கிப் பிள்ளையிடம் கொடுப்பது அநியாயம்.

பெயர் கேட்டால் திருத்துவது எளிது என்பீர்கள். கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் சிரமம் எனக்கும் தெரியும். பெயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயருக்கு ஒரு புள்ளி இருக்கட்டும். மிச்சப் புள்ளிகளை, ‘இந்தக் கொடிகளை எடுத்துவிட்டால் இப்பகுதியில் என்ன குறையும்?’ என்பதுபோன்ற வினாவுக்கு ஒதுக்குங்கள். காரணம் பொருந்தினால் எந்த விடைக்கும் புள்ளி உண்டு என்று புள்ளித்திட்டத்திலும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த விடையையும் யாராவது அச்சடித்து ரியூசனில் பாடமாக்கக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த தவணை வினாத்தாளில் ஒரு வினாவையாவது இவ்வாறு அமைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கோப்பாயிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியர்