ஃபர்ம்வேர் டிரைவர்களின் தொடக்க வரிசை: லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஆர்ம் சர்வர்களில் அளவீடுகளை மாற்ற முடியாதபடி காக்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்புக் கூறு இருந்தும், கோப்புகளை அளந்து பதிவுசெய்யும் கெர்னல் பகுதியான ஐ.எம்.ஏ. அது இல்லையென்று முடிவுகட்டி, அதைத் தவிர்த்துவிட்டு இயங்கத் தொடங்கிய சிக்கலை நீங்கள் அறிவீர்கள். 2025-இல், பாதுகாப்பு ஃபர்ம்வேருடன் கெர்னல் பேச வழிசெய்யும் எஃப்.எஃப்.ஏ. டிரைவரின் தொடக்கத்தை 'டிவைஸ்' நிலையிலிருந்து அதற்கு முந்தைய 'ரூட்எஃப்எஸ்' நிலைக்கு மாற்றினீர்கள். அவசரத் தீர்வாக அதை வரவேற்கிறேன்; ஆனால் அத்துடன் கோப்பை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடல்.

இந்தப் பிழையில் எந்த டிரைவரும் தனியாகத் தவறு செய்யவில்லை என்பதுதான் கவலைக்குரியது. கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்ட டிரைவர்கள் நிலைவாரியாகத் தொடங்குகின்றன. ஒரே நிலையில் இருப்பவை, கெர்னலைக் கட்டமைக்கும் விதிகள் உள்ள மேக்ஃபைலில் எந்த வரிசையில் இணைக்கப்பட்டனவோ அந்த வரிசையில் தொடங்குகின்றன. டி.பி.எம். டிரைவர் இருக்கும் 'சார்' அடைவு, 'ஃபர்ம்வேர்' அடைவுக்கு முன்னால் வருகிறது. எனவே செயலியின் தனித்த 'பாதுகாப்பு உலகில்' இயங்கும் டி.பி.எம்.மை எட்ட எஃப்.எஃப்.ஏ. வழி இன்னும் திறக்காத நிலையில், 2012-இல் 3.4 பதிப்புடன் வந்த ஏற்பாட்டின்படி டி.பி.எம். டிரைவர் 'பிறகு முயல்க' என்று முறையாகவே திரும்பிவிடுகிறது. அந்த மறுமுயற்சி 'லேட்' நிலையில்தான் தொடங்கும். ஐ.எம்.ஏ.வும் அதே 'லேட்' நிலையில்தான் தொடங்குகிறது. 'செக்யூரிட்டி' அடைவு 'டிரைவர்ஸ்' அடைவுக்கு முன்னால் இணைக்கப்படுவதால், ஐ.எம்.ஏ. முந்திக்கொள்கிறது.

இதன் விளைவு சிறியதல்ல. அளவீட்டுப் பட்டியலின் முதல் பதிவான பூட் தொகுப்பு மதிப்பு வெறும் சுழியங்களாக நிற்கிறது. அடுத்தடுத்த அளவீடுகள் டி.பி.எம்.மின் 10-ஆம் பி.சி.ஆர். பதிவேட்டில் சேர்வதில்லை, தொலைவிலிருந்து சர்வரைச் சரிபார்ப்பவருக்கு அந்தப் பட்டியலை நம்ப எந்த ஆதாரமும் இல்லை. கணினியோ வழக்கம்போல் இயங்குகிறது. கெர்னலின் செய்திப் பதிவில் ஒரே ஒரு வரி மட்டும் டி.பி.எம். கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது, அந்த வரியை யாரும் தேடிப் படிப்பதில்லை.

நிலையை மாற்றுவது வரிசையைச் சரிசெய்கிறதே தவிர, யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்பதை எங்கும் எழுதி வைப்பதில்லை. நாளை இன்னொரு டிரைவர் எஃப்.எஃப்.ஏ.வுக்கும் முன்னால் தொடங்க வேண்டியிருந்தால் அதற்கும் ஒரு நிலையைத் தேட வேண்டியிருக்கும். வன்பொருளை விவரிக்கும் 'டிவைஸ் ட்ரீ' என்ற மரவடிவத் தரவிலுள்ள சார்புகளைப் படித்து வரிசைப்படுத்தும் 'எஃப்.டபிள்யூ. டெவ்லிங்க்' இங்கே கைகொடுக்காது; பாதுகாப்பு உலகில் இயங்கும் எஃப்.எஃப்.ஏ. பிரிவுகள் எந்த மரத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை, ஃபர்ம்வேரைக் கேட்டே அவை இயங்குநேரத்தில் கண்டறியப்படுகின்றன.

ஆகவே காத்திருக்கும் பொறுப்பை ஐ.எம்.ஏ.வும் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். டி.பி.எம். இருப்பதை, வன்பொருளைப் பற்றி ஃபர்ம்வேர் தரும் ஏ.சி.பி.ஐ. அட்டவணை முன்கூட்டியே அறிவித்துவிடும்போது, டிரைவர் இன்னும் தயாராகவில்லை என்பதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'லேட்' நிலைக்குப் பின் 'லேட் சிங்க்' என்றொரு படி இருக்கிறது. மறுமுயற்சிகளின் முதல் சுற்று அதற்குள் முடிந்திருக்கும், முதல் பயனர் நிரலான இனிட்டோ இன்னும் தொடங்கியிருக்காது. இடையில் கெர்னலே அழைக்கும் உதவி நிரல்கள் அளவிடப்படாமல் போகலாம் என்ற தயக்கம் நியாயமானது. அதனால் முதல் முயற்சியை இப்போதுள்ள இடத்திலேயே வைத்து, டி.பி.எம். அறிவிக்கப்பட்டும் கிடைக்காதபோது மட்டும் 'லேட் சிங்க்' படியில் மறுபடி தேடலாம். அப்போதும் கிடைக்காவிட்டால், அது எச்சரிக்கையாக அல்ல, பிழையாகவே பதிவாக வேண்டும்.

தொடக்க நிலையை மாற்றும் ஒவ்வொரு பேட்சிலும் (நிரல் திருத்தத்திலும்), எந்த டிரைவருக்காக அந்த மாற்றம் என்பதை அந்த வரிக்கு மேலேயே குறிப்பாக எழுதக் கேளுங்கள். திருத்தத்துடன் சேமிக்கப்படும் காமிட் செய்தியில் மட்டும் இருக்கும் காரணம், சில ஆண்டுகள் கழித்து அந்த வரியைத் திருத்த வருபவரின் கண்ணில் படுவதில்லை. இத்தகைய பேட்சுகளை ஏற்கும் முன், தொடக்க அழைப்புகளைக் காட்டும் பிழைதேடல் தெரிவுடன் பூட் செய்து, மறுமுயற்சிக்காக எஞ்சி நிற்கும் சாதனங்களின் பட்டியலையும் சேர்த்து அனுப்பும்படி கோருவீர்களானால், மதிப்பாய்வு செய்வோர் ஊகிக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
ஆர்ம் சர்வர்களைப் பராமரிக்கும் ஒரு பொறியாளர்